இந்தோனேசியப் பேச்சு வழக்குக்கு கேபிபிஐ அகராதி போதுமா? போர்ட் லூயிஸிலிருந்து ஒரு விமர்சனம்

இந்தோனேசியர்களோடு தினமும் பேசிப் பிழைக்கிறவர் யாராக இருந்தாலும் கேபிபிஐ-யை போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இதுதான் என் முடிவு. ‘காமுஸ் பெசார் பஹாசா இந்தோனேசியா’ என்பதன் சுருக்கம் அது, அந்நாட்டு அரசின் மொழி அமைப்பு வெளியிடும் பெரிய அகராதி. 1988-ல் முதல் பதிப்பு, 2016-ல் ஐந்தாவது, 2023-ல் ஆறாவது. இணையத்தில் பார்க்கக் காசு கிடையாது.

மொரீஷியஸில் இருந்துகொண்டு இது எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் போர்ட் லூயிஸின் மீன்பிடித் துறைமுகமான துரூ ஃபான்ஃபரோன் பக்கம் வந்து பாருங்கள். சூரை பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியர்கள், அதிலும் மத்திய ஜாவாவின் வடகரையில் இருக்கும் தெகால், பெமாலாங், பிரெபெஸ் ஊர்க்காரர்கள். எங்கள் கடை அவர்களுக்கு அரிசி, நூடுல்ஸ், சிகரெட், கையுறை எல்லாம் கொடுக்கிறது, ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில், அதுவும் பாதி வாய்ஸ் மெசேஜாக. பாடப்புத்தக இந்தோனேசியத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. பள்ளியில் பிரெஞ்சு படித்துவிட்டு மார்க்கெட்டில் கிரியோல் பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கேபிபிஐ-யில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிப்புகள். பேச்சு வழக்கு, கொச்சை, மரியாதைச் சொல், ஜாவாவிலிருந்து வந்தது, சுண்டாவிலிருந்து (மேற்கு ஜாவாக்காரர்களின் மொழி) வந்தது, ஜகார்த்தா வழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கெழுத்து உண்டு. முதலில் அந்தப் பட்டியலைப் படியுங்கள், அப்புறம்தான் சொற்களைத் தேடுங்கள். ‘மாகெர்’ (மாலாஸ் கெராக், அசையவே சோம்பல்), ‘பாப்பெர்’ (பாவா பெராசாஆன், எதையும் மனசில் போட்டுக்கொள்வது) மாதிரி இளைஞர்கள் ஒட்டிச் செய்த சொற்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அரசு அகராதி இந்த அளவுக்கு இறங்கி வருவது பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன்.

குறை என்னவென்றால் விளக்கம் முழுவதும் இந்தோனேசியத்திலேயே இருக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: கொச்சைச் சொல்லை நேராக மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் உளறும், ஆனால் கேபிபிஐ தரும் விளக்கத்தை எடுத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும், ஏனென்றால் அந்த விளக்கம் சுத்தமான நடையில் எழுதப்பட்டிருக்கிறது. என் வேலை ஓடுவதே இப்படித்தான்.

இனி ஜாவா மொழி. இங்கேதான் கேபிபிஐ-யின் எல்லை தெரியும், அது இந்தோனேசிய மொழிக்கான அகராதி, ஜாவா மொழியிலிருந்து பொது வழக்குக்கு வந்துவிட்ட சொல்தான் அதில் இருக்கும். தெகால்காரர் “பெராசே லாகா” என்றால் அரிசி தீர்ந்துவிட்டது, இல்லை என்று அர்த்தம். அகராதியை நம்பிப் போனால் ‘லாகா’ ஒரு மரத்தின் பெயர். அதே ஆள் பசி என்பதற்கு ‘கென்சொத்’ என்பார், ‘நான்’ என்பதற்கு ‘ஞோங்’ என்பார். சோலோ, யோக்யகர்த்தாக்காரர்கள் ‘ஓபோ’ (என்ன) என்று சொல்வதை இவர்கள் ‘ஆபா’ என்று வாய் திறந்து சொல்வார்கள். இந்த வட்டார வழக்குக்கே ‘ஙாபாக்’ என்று பெயர்.

சுண்டாக்காரர் கலந்த கப்பல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘ஆமிஸ்’ என்றால் இந்தோனேசியத்தில் மீன் கவிச்சி, சுண்டா மொழியில் இனிப்பு! ‘கெடாங்’ ஜாவாக்காரருக்கு வாழைப்பழம், சுண்டாக்காரருக்குப் பப்பாளி. பழம் ஆர்டர் எடுக்கும்போது படம் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

மரியாதை விஷயமும் எந்தச் செயலியிலும் சரியாகப் பிடிபடாது. நாம் சாப்பிடு, சாப்பிடுங்க என்று விகுதியை மாற்றுகிறோம், ஜாவா மொழியில் சொல்லே மாறிவிடும்: நண்பனிடம் ‘மாஙான்’, பெரியவர் சாப்பிடுவதைச் சொல்ல ‘டஹார்’. ‘மாஸ்’ (அண்ணே), ‘ம்பாக்’ (அக்கா) இரண்டையும் தாராளமாகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுராபயாப் பையன்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டே சொல்லும் ‘ஜன்சோக்’கை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், அது வசவு, நெருங்கிய கூட்டாளிகள் வாயில்தான் செல்லும்.

யோக்யகர்த்தாவின் திருப்பிப் பேசும் வழக்கு எந்த அகராதிக்கும் எளிதில் அடங்காத ரகம். ஜாவா எழுத்து வரிசையில் ஒரு வரி எழுத்துகளை இன்னொரு வரி எழுத்துகளோடு மாற்றிப் பேசுவார்கள், ம-வுக்கு ட, த-வுக்கு க, ச-வுக்கு ப. அப்படித்தான் ‘மாதாமு’ (உன் கண், திட்டாகவும் சொல்வார்கள்) ‘டாகாடு’ ஆகிறது, ‘மாஸ்’ ‘டாப்’ ஆகிறது. சூத்திரம் தெரிந்தால் போதும், நீங்களே பிரித்துவிடலாம். ஜகார்த்தாவின் பழைய கொச்சையில் சொல்லின் வாலை வெட்டிவிட்டு நடுவே ‘ஓக்’ நுழைப்பார்கள், ‘பாபாக்’ (அப்பா) ‘பொகாப்’ ஆனது அந்த வழியில்தான்.

பதிவு செய்துகொள்ளாமல் இணையத்தில் தேடினால் ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதனால் கணக்கு திறந்துவிடுங்கள், கணக்கு இருந்தால் புதுச் சொல்லைப் பரிந்துரைக்கவும் முடியும். ‘கப்பால்’, ‘பெத்தி’ மாதிரி நம் கப்பலும் பெட்டியும் அங்கே குடியேறியிருப்பதைப் பார்க்கலாம், தமிழ் தெரிந்தவர்களுக்கு அது தனி சந்தோஷம். ஆனால் கடையில் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் தெகால் ஆளையே ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.