எச்சரிக்கை: பெஞ்ச் கிரைண்டர் என்று விற்கப்பட்ட பஃபிங் மோட்டார்

பழைய பட்டறைச் சாமான்களோடு, "10 அங்குல பெஞ்ச் கிரைண்டர், சிங்கிள் பேஸ், நல்ல கண்டிஷன்" என்று சொல்லி விற்கப்பட்ட இயந்திரம் இது. பிரித்துப் பார்த்ததில் அது கிரைண்டரும் இல்லை, சிங்கிள் பேஸும் இல்லை. பஃபிங் (துணிச் சக்கரத்தால் உலோகத்தை மெருகேற்றுவது) செய்வதற்கான த்ரீ பேஸ் மோட்டாரில் சாணைக்கல்லை மாட்டி, ஒரு கெப்பாசிட்டரைச் செருகி, மேலே புதுப் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்றவர் சுவிட்சைப் போட்டு ஓட்டிக் காட்டினார், கல்லும் சுற்றியது. லோடு இல்லாமல் சுற்றுவது எதற்கும் சாட்சி இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "ஓட்டிக் காட்டித்தானே கொடுத்தோம்" என்பதுதான் பதில்.

வெளியிலிருந்தே தெரிந்திருக்க வேண்டிய அடையாளங்கள் இருந்தன. நேம் பிளேட் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். காற்றுப் பள்ளங்களிலும் போல்ட் தலைகளிலும் பெயின்ட் ஏறியிருந்தது. முக்கியமான அடையாளம் ஷாஃப்ட். பஃபிங் மோட்டாரில் ஷாஃப்ட் உடலை விட்டு நன்றாக வெளியே நீண்டிருக்கும். பாத்திரமோ குழாயோ சக்கரத்தைச் சுற்றித் திரும்ப இடம் வேண்டுமல்லவா? கிரைண்டரில் கல் மோட்டாரை ஒட்டி நிற்கும். கல்லை மூடும் கார்டையும், பொருளைத் தாங்கிப் பிடிக்கும் டூல் ரெஸ்டையும் பொருத்த வார்ப்பிலேயே மேடும் போல்ட் துளையும் இருக்கும். இதில் அப்படி எதுவும் கிடையாது. தகரத்தை வளைத்து, மோட்டாரின் காலில் வெல்டு வைத்து கார்டு என்று நிறுத்தியிருந்தார்கள். கல் உடைந்தால் அந்தத் தகரம் ஒரு துண்டைக்கூடத் தடுக்காது.

கல்லைப் பிடித்திருந்த விதம் இன்னும் மோசம். சாணைக்கல்லுக்கு இரு பக்கமும் ஒரே விட்டமுள்ள, நடுவில் குழிந்த ஃபிளேஞ்ச், அதாவது கல்லை இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தட்டு வேண்டும். விட்டம் கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது; 250 மி.மீ. கல்லுக்குக் குறைந்தது 84 மி.மீ. இதில் உள்பக்கம் 45 மி.மீ. வாஷர், வெளிப்பக்கம் 30 மி.மீ. வாஷர். அளவு மாறினால் நட்டை முடுக்க முடுக்கக் கல் வளைய முயலும். சாணைக்கல் வளையாது, விரிசல் விடும். ஃபிளேஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவே வர வேண்டிய அட்டை வளையமும் இல்லை.

வேகக் கணக்கு ஒன்றே போதும் இந்த ஏமாற்றைக் காட்ட. 50 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டார் லோடில் சுமார் 2,850 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) சுற்றும். 250 மி.மீ. கல்லின் விளிம்பு அப்போது நொடிக்கு 37 மீட்டர் வேகத்தில் போகும். கல்லின் லேபிளில் மிஞ்சியிருந்த பாதியில் உச்ச வேகம் 2,675 ஆர்.பி.எம். என்று அச்சாகியிருந்தது, அதாவது நொடிக்கு 35 மீட்டர். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் இதே மோட்டார் 3,450 வரை போகும். அங்கே 200 மி.மீ. கல்கூட 35-ஐத் தாண்டிவிடும். நேம் பிளேட் இல்லாத மோட்டாரின் துருவ எண்ணிக்கையைக் கரண்ட் கொடுக்காமலே அறியலாம். முள் உள்ள மில்லி ஆம்பியர் மீட்டரை ஒரு வைண்டிங்கில் மாட்டி ஷாஃப்டைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். முள் ஒரு முறை இப்படியும் அப்படியும் போய் வந்தால் இரண்டு துருவம், இரண்டு முறை என்றால் நான்கு.

டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஆறு முனைகள். மூன்று வைண்டிங்கும் ஓம் மீட்டரில் ஒரே அளவு காட்டின. அப்படியானால் த்ரீ பேஸ். சிங்கிள் பேஸ் மோட்டாரில் ரன்னிங் காயிலும் ஸ்டார்ட்டிங் காயிலும் பொதுவாக வேறு வேறு அளவு காட்டும். பித்தளைப் பட்டைகள் மூன்று முனைகளை வரிசையாக இணைத்து ஸ்டாரில், அதாவது மூன்று வைண்டிங்கும் ஒரு புள்ளியில் சேரும் இணைப்பில் கிடந்தன. 230 வோல்ட்டை அப்படிக் கொடுத்தால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது சுமார் 133 வோல்ட். முறுக்கு (ஷாஃப்டைச் சுழற்றும் விசை) மூன்றில் ஒன்றாகிவிடும். இரும்பைக் கல்லில் லேசாக அழுத்தினாலே உறுமிக்கொண்டு நின்றதற்கு இதுவே காரணம்.

கெப்பாசிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் உடலில், "88-108 மைக்ரோபாரட், 250 வோல்ட்" என்றிருந்தது. அளவை இப்படி இடைவெளியாகப் போட்டிருந்தால் அது ஸ்டார்ட் கெப்பாசிட்டர். சில நொடிகள் மட்டும் வேலை செய்யப் பிறந்தது. அதைத் தொடர்ந்து லைனில் வைத்தால் சூடேறி வெடிக்கும். த்ரீ பேஸ் மோட்டாரை 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் டெல்டா இணைப்பும் (மூன்று வைண்டிங்கும் முக்கோணமாக, முனைக்கு முனை சேர்வது), கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோபாரட் ரன் கெப்பாசிட்டரும் (தொடர்ந்து லைனில் இருக்கக்கூடியது), 450 வோல்ட் ஏசி தாங்குதிறனும் வேண்டும். அப்போதும் முழுப் பவர் வராது, கிளம்பும் முறுக்கும் குறைவுதான்.

இதைவிட ஆபத்தான ஒன்று கடைசியில்தான் கண்ணில் பட்டது. கெப்பாசிட்டரின் கம்பி தவறான லைன் முனையில் இருந்ததால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. வலது முனையில் வலது மரை, இடது முனையில் இடது மரை என்று வெட்டுவதே, கல்லின் மேல்பக்கம் ஆளை நோக்கி வரும்போது நட்டு தானாக இறுகத்தான். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு நட்டும் கழன்றுகொண்டே வரும். ஃபிளேஞ்ச் இல்லாத கல், தகர கார்டு, கழலும் நட்டு: மூன்றும் ஒரே இயந்திரத்தில். எர்த் கம்பியையும் பிளக்குக்குள்ளேயே வெட்டிவிட்டிருந்தார்கள். அதை மன்னிக்கவே முடியாது.

வாங்கிவிட்டவர்களுக்கு: மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டாம், அது தன் சொந்த வேலைக்கு நல்ல மோட்டார். முதலில் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) 500 வோல்ட் வைத்து வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள்; 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். உடலிலிருந்து பிளக்கின் எர்த் முள் வரை 1 ஓமுக்குள் வர வேண்டும். பேரிங்கைக் கையால் சுற்றிக் கேளுங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். பட்டைகளை டெல்டாவுக்கு மாற்றி, சிங்கிள் பேஸ் வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸ் தரும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வைத்தால் கெப்பாசிட்டர் தொல்லையே இல்லை. வைண்டிங் 400 வோல்ட் டெல்டாவுக்குச் சுற்றியதாக இருந்தால் மட்டும் இந்த வழியில் முறுக்கு கிடைக்காது.

ஷாஃப்ட் முனையில் கூம்பு மரை ஸ்பிண்டிலைப் பொருத்தித் துணிச் சக்கரம் மாட்டுங்கள். இதற்கும் இடது, வலது மரை வேறுபாடு உண்டு. பொருளைச் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். மேல் பாதியில் பிடித்தால் விளிம்பு மாட்டிப் பொருளை ஆளின் மேல் எறியும். அலுமினியம் மெருகேற்றும் இயந்திரத்தில் இரும்பைத் தீட்டவே கூடாது. அலுமினியத் தூளும் துருத் தூளும் கலந்த இடத்தில் தீப்பொறி விழுந்தால் அந்த நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

அந்தக் கல்லை மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்த்தபோது மணி போல ஒலிக்கவில்லை, மொத்தென்று கேட்டது. உள்ளே விரிசல். குப்பையில் போடும் முன் சுத்தியலால் நான்காக உடைத்துவிடுங்கள். முழுக் கல்லாக வெளியே போனால் இன்னொரு இயந்திரத்தில் ஏறி இன்னொருவர் கைக்கு வரும்.