வான்கப்பல் வராத கொட்டகை: ட்ராபிகல் ஐலண்ட்ஸ் பூங்கா, ஒரு மதிப்பீடு

பெர்லினுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பிராண்ட் என்னும் சிற்றூரின் காட்டுக்கு நடுவே இருக்கும் ட்ராபிகல் ஐலண்ட்ஸ் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நீந்தவும் சறுக்கவுமே வருகிறார்கள். காற்றைவிட இலேசான வாயுவை நிரப்பி மிதக்கவிடும் வான்கப்பல்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதே நுழைவுச்சீட்டில் இன்னொரு காட்சியும் கிடைக்கிறது. 360 மீட்டர் நீளமும் 210 மீட்டர் அகலமும் 107 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கட்டடம், சோவியத் படையினர் விட்டுச்சென்ற விமானத்தளத்தில், சரக்கு வான்கப்பல் கட்டுவதற்காகக் கார்கோலிஃப்டர் நிறுவனம் எழுப்பிய கொட்டகை.

உள்ளே எப்போதும் 26 டிகிரி வெப்பம்; மணல், தென்னை, பனை, குழந்தைகளின் கூச்சல். இவற்றைத் தாண்டி அண்ணாந்து பார்த்தால், நடுவில் ஒரு தூணும் இல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் வளைந்து நிற்கும் ஐந்து எஃகு வளைவுகள் தெரிகின்றன. 245 மீட்டர் நீளமிருந்த, ஜெர்மனியின் புகழ்பெற்ற பயணிகள் வான்கப்பலான ஹிண்டன்பர்க் போன்ற இரண்டை இங்கே அருகருகே நிறுத்தினாலும் இடம் மிஞ்சும். அளவுகளைப் புத்தகத்தில் படித்து இந்தப் பெருமையை உணர முடியாது. எனக்கு நுழைவுக் கட்டணம் இந்த ஒன்றுக்காகவே தகும்.

1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் எரிந்து 36 பேர் இறந்ததே வான்கப்பலின் முடிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1939இலேயே அமெரிக்க விமான நிறுவனமான பான் ஆமின் கடல் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டதால், தீ விபத்து நேராதிருந்தாலும் பயணிகள் சேவையில் வான்கப்பல் நெடுநாள் நிலைத்திருக்காது. அதனால்தான் 1996இல் தொடங்கப்பட்ட கார்கோலிஃப்டர் பயணிகளை விட்டுவிட்டு, சாலையில் கொண்டுபோக முடியாத பெரிய இயந்திரங்களைக் குறிவைத்தது. 160 டன் சுமக்கும், 260 மீட்டர் நீளக் கப்பல் ஒன்றைத் திட்டமிட்டுப் பல்லாயிரம் சிறு பங்குதாரர்களின் பணத்தையும் திரட்டியது. கப்பலுக்கு முன்பே கொட்டகை எழுந்தது; 2002இல் நிறுவனம் திவாலானது. கல்யாணத்துக்கு முன்பே தொட்டில் வாங்கிய கதை இது.

பணம் மட்டும் தடையாக இருக்கவில்லை. 160 டன் சரக்கை இறக்கிய கணமே கப்பல் அத்தனை எடை குறைந்து மேலே பாயப் பார்க்கும். ஆகையால் இறக்கும் இடத்திலேயே எடைக்கு எடை தண்ணீரோ வேறொன்றோ ஏற்றியாக வேண்டும். சாலையே இல்லாத இடத்தில் அதை யார் ஆயத்தமாக வைத்திருப்பார்கள்? 60 டன் சுமக்கும் கப்பலைத் திட்டமிடும் பிரான்சின் ஃப்ளையிங் வேல்ஸ் நிறுவனத்துக்கும், அவர்களைப் போன்ற பிறருக்கும் என் முதல் கேள்வி இதுதான். கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் பணம் போடும் பாத்ஃபைண்டர் 1 வான்கப்பல், 124 மீட்டர் நீளத்துடன் கலிபோர்னியாவில் பறந்து காட்டிவிட்டது என்பது உண்மை; ஆனால் பறப்பது வேறு, சரக்குக் கட்டணம் வாங்கிப் பிழைப்பது வேறு.

திவாலான கொட்டகையை வாங்கிப் பூங்காவாக்கி 2004 டிசம்பரில் திறந்தவர்களில் முதன்மையானது மலேசியாவின் தஞ்சோங் நிறுவனம். அது அப்போது யாழ்ப்பாணத் தமிழ் வேர்களைக் கொண்ட மலேசியத் தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனுடையதாக இருந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. தெற்குப் பக்கக் கூரையின் ஒரு பகுதியை ஒளி புகும் மென்படலமாக மாற்றியது நல்ல யோசனை. செடிகள் உண்மையான வெயிலில் வளர்கின்றன.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்கலாம். கட்டடத்துக்காக மட்டும் போகிறவர்களுக்கு அரைநாள் போதும். சறுக்குக் கோபுரத்தின் மேல்தளம் பார்வைக்கு நல்ல இடம். வான்கப்பலில் ஏறியே தீர வேண்டும் என்பவர்கள் இங்கே வருவதைவிட, நாட்டின் தென்கோடியில் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனுக்குப் போவது நல்லது. 2001 முதல் அங்கே 75 மீட்டர் நீள ஸெப்பலின் என்டி என்னும் வான்கப்பல், கான்ஸ்டன்ஸ் ஏரியின்மேல் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிப் பறக்கிறது. கட்டணம் நூற்றுக்கணக்கான யூரோ. காற்று பலமாக இருந்தால் பயணம் தள்ளிப்போகும் என்பதால் கையில் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.