ஃபெடரல் ஹேமர்டவுன் .357 மேக்னம் தோட்டா: ஒரு சீசன் சுட்டுப் பார்த்ததில்

அமெரிக்காவின் ஓஹாயோவில் ரைஃபிளால் மான் வேட்டையாட, நேர்சுவர்க் குப்பி (வாய்ப்பக்கம் குறுகாமல் நேராக இருக்கும் வெடிமருந்துக் குப்பி) கொண்ட தோட்டாவுக்குத்தான் அனுமதி. துப்பாக்கியில் மூன்றுக்கு மேல் போடவும் கூடாது. அதனால்தான் என் ஹென்றி லீவர் ரைஃபிள் (நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) .357 மேக்னம்.

முதல் வருடம் கைத்துப்பாக்கிக்கான 125 கிரெய்ன் (குண்டின் எடை) ஹாலோ பாயின்ட்டை, அதாவது முனையில் குழிவுள்ள குண்டை, வாங்கிச் சொதப்பினேன். நீளக் குழலில் வேகம் கூடுமல்லவா, குண்டு சீக்கிரமே விரிந்து சிதறிவிட்டது. மான் விழுந்தது, ஆனால் தோள்பக்கக் கறி பாதி வீண். விலை மலிவு என்று வாங்கியதற்கு எனக்கு வேண்டும்!

இப்போது 170 கிரெய்ன் ஹேமர்டவுன். லீவர் ரைஃபிளுக்கென்றே செய்தது. ஈய உள்ளீடும் செம்பு உறையும் பிரியாமல் ஒட்டியே இருக்கும். நிக்கல் பூசிய குப்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, லீவர் ஒருமுறைகூடத் திணறவில்லை. அறுபது கஜத்தில் ஒரு பெட்டை மான், குண்டு விலா வழியே புகுந்து மறுபக்கம் வெளியேறியது. மான் நாற்பது அடிகூட ஓடவில்லை.

குறை? பெட்டிக்கு இருபது தோட்டாதான், விலையும் கடிக்கிறது. நான் பயிற்சிக்கு .38 ஸ்பெஷல் தோட்டாதான் சுடுகிறேன். அதே குழலில் போகும், தோளும் வலிக்காது. சீசனுக்கு முன் மட்டும் ஹேமர்டவுனை ஐந்தாறு சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் விழாது.