மூன்று கொலைகள், 45 ஜூரி உறுப்பினர்கள்: ஸ்காட்லாந்தின் பழைய வழக்குகளில் எதை முதலில் படிப்பது?

ஸ்காட்லாந்தின் பழைய கொலை மர்மங்களைத் தேடிப் போகிறவர்கள் சீக்கிரமே மூன்று வழக்குகளில் வந்து நிற்பார்கள்: 1752இன் ஆப்பின் கொலை, 1857இன் மேடலின் ஸ்மித் வழக்கு, 1908இன் ஆஸ்கர் ஸ்லேட்டர் வழக்கு. கொன்றது யார் என்பது மூன்றிலும் இன்றுவரை உறுதியாகவில்லை. மூன்றிலும் முடிவு சொன்னது 15 பேர் கொண்ட ஜூரி. அந்த நாட்டில் அப்போது எல்லோரும் ஒத்துப்போக வேண்டியிருக்கவில்லை, 8 பேர் கை தூக்கினாலே குற்றவாளிதான். எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், என் பதில் ஸ்லேட்டர்.

ஆப்பின் கொலையில் காடும் மலையும்தான் நம்மை இழுக்கின்றன. பதவியிழந்த அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற நடந்த ஜாகோபைட் கிளர்ச்சி 1746இல் நசுக்கப்பட்ட பிறகு, ஸ்டூவர்ட் குலத்தாரின் நிலங்களை அரசு பறிமுதல் செய்தது. அந்த நிலங்களைப் பார்த்துக்கொண்ட அரசு ஏஜென்ட் காலின் கேம்ப்பெல், குடியானவர்களை வெளியேற்றக் கிளம்பியபோது லெட்டர்மோர் காட்டில் மறைந்திருந்த யாரோ அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சந்தேகிக்கப்பட்ட ஆலன் பிரெக் பிரான்சுக்குத் தப்பிவிட்டார். பிடிபட்டவர் அவரை வளர்த்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவர் சுட்டதாக அரசுத் தரப்பே சொல்லவில்லை, உடந்தை என்றுதான் சொன்னது. விசாரித்த நீதிபதி கேம்ப்பெல் குலத்தின் தலைவரான ஆர்கைல் பிரபு. ஜூரியில் 11 பேர் கேம்ப்பெல்கள். அப்புறம் என்ன விசாரணை? ஜேம்ஸைத் தூக்கிலிட்டு, உடலை ஆண்டுக்கணக்கில் அப்படியே தொங்கவிட்டார்கள். ஸ்டீவன்சன் தன் ‘கிட்னாப்டு’ நாவலை இதிலிருந்துதான் பின்னினார். படிக்கும்போது மனம் கொதிக்கும். ஆனால் துப்புத் துலக்க இதில் அதிகம் இல்லை, தீர்ப்பு முன்னமே எழுதப்பட்டுவிட்டது.

துப்புகள்தான் வேண்டும் என்றால் மேடலின் ஸ்மித்துக்கு ஈடு கிடையாது. கிளாஸ்கோவின் பணக்காரக் கட்டடக் கலைஞரின் மகள். ஜெர்சித் தீவிலிருந்து வந்த லாஞ்செலியே என்ற சாதாரண குமாஸ்தாவோடு ரகசியக் காதல். பிளைத்ஸ்வுட் சதுக்கத்து வீட்டில், கீழ்த்தள ஜன்னல் வழியாகக் கடிதங்கள் கைமாறின. வேறொரு செல்வந்தரோடு திருமணம் நிச்சயமானதும் கடிதங்களைத் திருப்பிக் கேட்டாள். தரமாட்டேன், உன் அப்பாவிடம் காட்டுவேன் என்று அவன் மிரட்டினான். 1857 மார்ச் 23 காலையில் அவன் ஆர்சனிக் விஷத்தால் இறந்தான்.

எலிக்கு என்று சொல்லி, மேடலின் கடையில் கையெழுத்துப் போட்டே பாஷாணம் வாங்கியிருக்கிறாள், பிடிபட்ட பிறகு முகப் பொலிவுக்கு என்றாள். ஜன்னல் வழியாகக் கொடுத்த கோகோவில் விஷம் கலந்திருந்தது என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆனால் 1851 சட்டப்படி, கடையில் சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில் கரியோ நீலமோ கலந்திருக்க வேண்டும். அந்த நிறம் வயிற்றில் இருக்கிறதா என்று தேடும்படி உடலைச் சோதித்தவரிடம் யாரும் சொல்லவில்லை. அன்றிரவு இருவரும் சந்தித்ததைப் பார்த்த சாட்சியும் கிடையாது. அவனுடைய டைரியை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கவில்லை. கொலைக் குற்றச்சாட்டுக்கு ஜூரி சொன்னது ‘நிரூபிக்கப்படவில்லை’. ஸ்காட்லாந்துக்கே உரியதாக இருந்த மூன்றாவது தீர்ப்பு அது. குற்றவாளி என்றும் சொல்லாது, நிரபராதி என்றும் சொல்லாது, ஆனால் வீட்டுக்குப் போகலாம். இந்த வழக்கைப் பத்து முறை படித்தாலும் பத்து முறையும் மனம் மாறும். எனக்கு மாறியிருக்கிறது.

சரி, பிறகு ஏன் ஸ்லேட்டர்? மேடலினின் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம்தான் வெஸ்ட் பிரின்சஸ் தெரு. 1908 டிசம்பர் 21 மாலை, அங்கே வசித்த மேரியன் கில்கிறிஸ்ட் என்ற 82 வயது மூதாட்டியின் வேலைக்காரப் பெண் செய்தித்தாள் வாங்கப் போனாள். பத்து நிமிடம்கூட இருக்காது. சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டுக்காரரும் திரும்பி வந்த அவளும் வாசலில் நிற்கும்போதே, உள்ளேயிருந்து ஒரு ஆள் சாதாரணமாக நடந்து வந்து அவர்களைக் கடந்து படியிறங்கிப் போனான். உள்ளே கிழவி அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தாள். காணாமல் போனது ஒரே ஒரு வைர ப்ரோச்.

போலீஸ் ஓர் அடகுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, சூதாட்டத்தில் பிழைத்த ஜெர்மன் யூதரான ஸ்லேட்டரை நியூயார்க் வரை துரத்தியது. அந்தச் சீட்டுக்குரிய நகை கொலைக்கு முன்பே அடகுக்குப் போயிருந்தது, அது கிழவியுடையதும் இல்லை. அடையாளம் காட்ட வந்தவர்களுக்கு முன்கூட்டியே அவர் படத்தைக் காட்டினார்கள். 1909 மே மாதம் எடின்பரோவில் 9 பேர் குற்றவாளி என்றார்கள், 5 பேர் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள், ஒருவர் மட்டும் நிரபராதி என்றார். தூக்குக்கு இரண்டு நாள் முன்பு தண்டனை ஆயுளாகக் குறைந்தது. பீட்டர்ஹெட் சிறையில் பதினெட்டரை ஆண்டுகள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அவருக்காக எழுதினார், போராடினார். வழக்கின் ஓட்டைகளைச் சொன்ன டிரென்ச் என்ற துப்பறியும் அதிகாரிக்கு 1914இல் வேலையே போனது. தண்டனை ரத்தானது 1928 ஜூலையில்தான். அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவில் முதுமையில் மேடலின் இறந்திருந்தாள்.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் வயிறு கலங்குகிறது. பாஷாணம் வாங்கியவளுக்கு ஐயத்தின் பலன் கிடைத்தது. கையில் எதுவும் சிக்காத அந்நியனுக்குக் கிடைக்கவில்லை. 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற தீர்ப்பை நீக்கியது, குற்றவாளி என்று சொல்ல 15இல் 10 பேராவது வேண்டும் என்றும் மாற்றியது. ஸ்லேட்டருக்கு எதிராக இருந்தது 9.

அதனால் ஸ்லேட்டரில் தொடங்குங்கள், அடுத்து மேடலின், கடைசியில் ஆப்பின். தொடங்கும்போது அந்த வாசல் கதவைக் கவனியுங்கள். அதை யாரும் உடைக்கவில்லை. நகைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன, காகிதங்கள் வைத்திருந்த பெட்டிதான் உடைக்கப்பட்டிருந்தது.