280 ராண்ட் ரப்பரும் 1,400 ராண்ட் பேரலும்

ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு, அதாவது சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடற விளையாட்டுத் துப்பாக்கிக்கு, வாங்குன சாமானுக்கு முதல்ல மார்க் போட்டுடறேன், முழுசா படிக்க நேரமில்லாதவங்க இதோட கிளம்பலாம். மேப்பிள் லீஃப் கம்பெனியோட 60 டிகிரி ஹாப்-அப் ரப்பர் (குண்டச் சுழல விடற ரப்பர்), 5க்கு நாலரை. அந்த ரப்பர் உக்கார்ற கூடு, சக்கரம் திருப்பற சிஎன்சி ரோட்டரி சேம்பர், 4. இது ரெண்டையும் வாங்கறதுக்கு முன்னாடி தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு கடையில குடுத்து பண்ணுன ரிப்பேருக்கு 1, அந்த ஒண்ணும் பில்லு ஒழுங்கா குடுத்தாங்கன்றதுக்காக. கடை பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

நான் மதுரைக்காரன், டர்பன்ல இருக்கற சாட்ஸ்வொர்த் வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஏர்சாஃப்ட் ஆடற பழக்கத்த ஒட்ட வெச்சது எதுத்த வீட்டுத் தம்பி. அவங்க தாத்தாவோட தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம், இவனுக்குத் தமிழ்ல அண்ணா, சாமி, போடா, சாம்பார் இந்த நாலத் தாண்டி ஒரு பத்துப் பதினஞ்சு வார்த்தை தேறும், ஆனா அந்த "அண்ணா"வ ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு தடவை போடுவான். இன்னொண்ணு, இந்த ஊர்ல பக்கின்னா பிக்கப் வண்டி, ஹாப்-அப்ல பக்கிங்னா ரப்பர், நம்மூர்ல பக்கின்னா யாருன்னு உங்களுக்கே தெரியும். மூணும் இந்தக் கதையில வரும்.

என்னோடது பேட்டரில ஓடற சாதாரண எம்4 மாடல் துப்பாக்கி. 30 மீட்டர் வரைக்கும் ஒழுங்கா போற பிபி, அதான் அந்தக் குண்டு, அதுக்கப்புறம் வாழைப்பழம் மாதிரி இடது பக்கம் வளையும், அதுவும் எல்லாம் ஒரே மாதிரி வளைஞ்சாலாவது கணக்கு வெச்சு சுடலாம், பத்துல மூணு நேரா போகும், நாலு வளையும், மிச்சம் பொத்துன்னு விழும். கடையில காட்டுனேன். கவுன்ட்டர்ல இருந்தவரு திருப்பிக்கூட பாக்காம "பேரல் போச்சு, டைட்போர் போடணும்"னாரு, அதாவது உள் ஓட்டை இன்னும் குறுகலான பேரல். 6.03 மில்லிமீட்டர் பேரல் 1,400 ராண்ட், மாட்டக் கூலி 350. ஜஸ்ட் நவ் ரெடியாயிடும்னாங்க. இங்க ஜஸ்ட் நவ்ன்னா நம்மூர் "இந்தா வந்துட்டேன்" மாதிரி, அது அஞ்சு நிமிஷமாவும் இருக்கலாம் அடுத்த வாரமாவும் இருக்கலாம், எனக்கு பத்து நாள் ஆச்சு. வாங்கிட்டு வந்து சுட்டா வளைவு முன்னவிட ஜாஸ்தி. 1,750 ராண்ட் குடுத்து நல்லா இருந்த கண்ணு நொள்ளைக்கண்ணு ஆன கதை.

தம்பி தன் பக்கியோட டெயில்கேட்ட இறக்கி அது மேல துப்பாக்கிய வெச்சு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அண்ணா, பேரல் இல்ல அண்ணா, ரப்பர்"னான். ஒரே வரி.

விஷயம் என்னன்னா, பிபி வெளிய கிளம்பும்போது மேல இருந்து ஒரு ரப்பர் மேடு அதத் தொட்டு விடும், அதனால அது பின்பக்கமா சுத்திக்கிட்டே போகும், சுத்தற பந்த காத்து மேல தூக்கும். லெக் ஸ்பின்னர் போடற பந்து காத்துலயே நகருதே, அதே மேக்னஸ் எஃபெக்ட் தான். அந்த மேடு சரியா 12 மணி இடத்துல இருக்கணும். கொஞ்சம் சாஞ்சாலும் தூக்கற விசையும் அந்தப் பக்கமா சாஞ்சிடும், பிபி வளையும். பேரல் தங்கத்துல இருந்தாலும் வளையும்.

இத நீங்களே பாக்கலாம். முதல்ல மேகசின கழட்டுங்க, தரையப் பாத்து ரெண்டு ஷாட் சுட்டு உள்ள எதுவும் இல்லன்னு உறுதி பண்ணுங்க, பேட்டரியயும் கழட்டுங்க, இதுல சோம்பேறித்தனம் வேண்டாம், கண்ணு ஒண்ணும் ஸ்பேர் பார்ட் இல்ல. ஹாப்ப, அதாவது அந்த மேடு எவ்வளவு இறங்கணும்ன்ற செட்டிங்க, ஃபுல்லா ஏத்தி வெச்சு முன்னாடி இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள கறுப்பா ஒரு சின்னக் குமிழ் மேல இருந்து எட்டிப் பாக்கும். என்னோடதுல அது 1 மணி இடத்துல இருந்துச்சு. எதிர்ல நின்னு பாக்கறதால கண்ணாடியில பாக்கற மாதிரி பக்கம் மாறித் தெரியும், நம்ம வலதுன்னு பாக்கறது சுடறவனுக்கு இடது. பிபி இடது பக்கம் போனதுக்குக் காரணம் அதோ அங்க உக்காந்திருக்கு.

அன்னிக்கு ராத்திரி கிச்சன் டேபிள்ல பிரிச்சேன், நடுவுல லோட் ஷெட்டிங் வேற, மிச்சத்த போன் வெளிச்சத்துல. எம்4ல முன்னாடி இருக்கற பின் ஊசியத் தள்ளி மேல் பாதிய முன்னாடி இழுத்தா பேரலும் சேம்பரும் ஒண்ணா கையில வந்துடும், அது ஈசி. சேம்பர்ல பேரல புடிச்சிருக்கற சி-கிளிப் தான் சனியன், ஸ்க்ரூட்ரைவர் பட்டதும் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில போச்சு, வீட்டம்மா ஃபிரிட்ஜ நகத்தும்போது சொன்ன வார்த்தைகள இங்க போட முடியாது. பேரல உருவிப் பாத்தா ரப்பர் பழசு தான், புது பேரல்ல அதையே திருகலா சொருகியிருக்காங்க, உள்பக்கம் சிலிக்கோன் ஆயில் வழியுது. ரப்பர்ல எண்ணெய் இருந்தா பிபி வழுக்கிட்டுப் போயிடும், சுழற்சியே ஏறாது. பொத்து பொத்துன்னு விழுந்ததுக்கு அது தான் காரணம். ரப்பரோட பின் உதடும் ஒரு ஓரமா கிழிஞ்சிருந்துச்சு, அது வழியா காத்து கசிஞ்சு வேகம் ஏறி இறங்குது. வேகம் அளக்கற கிரோனோவுல 0.20 கிராம் பிபிக்கு ஒரு ஷாட் நொடிக்கு 318 அடி, அடுத்தது 341னு வந்தது ஏன்னு அப்ப தான் புரிஞ்சுது.

அப்புறம் ஆன்லைன்ல ரப்பர் 280 ராண்டுக்கும் ரோட்டரி சேம்பர் 420க்கும் வாங்குனேன். ரப்பர் தைவான் சரக்கு. டிகிரின்றது கடினத்தன்மை, நம்பர் கம்மின்னா மெத்து. 1 ஜூல் சொச்சத்துல சுடற துப்பாக்கிக்கு 60 தாராளம். 70, 80 எல்லாம் ஸ்ப்ரிங் பலமா இருக்கறவங்களுக்கு, பாக்க கெத்தா இருக்குன்னு வாங்கிடாதீங்க. கையில எடுத்தா பிசுபிசுன்னு இருந்துச்சு, புது ரப்பர்ல அச்சு எண்ணெய் ஒட்டியிருக்கும், பாத்திரம் கழுவற சோப்பு போட்டு வெதுவெதுன்னு தண்ணியில கழுவி நல்லா காய விட்டேன். பேரல பழைய வேட்டித்துணி சின்னத் துண்டா கிழிச்சு ராடுல சுத்தித் துடைச்சேன், முதல் துணி சட்டி கரி மாதிரி வந்துச்சு, ஆறாவது தான் வெள்ளையா வந்துச்சு. ரப்பருக்குள்ள ஒரு வரிமேடு இருக்கும், பேரல்ல அதுக்குன்னு ஒரு பள்ளம் இருக்கும், ரெண்டும் ஒண்ணோடொண்ணு உக்காரணும், அவசரப்பட்டா இங்க தான் திருகும். மேல ஒரே ஒரு சுத்து டெஃப்லான் டேப், குழாய்க்குச் சுத்தறது தான், ரெண்டு சுத்தினா சேம்பருக்குள்ள நுழையாது. மாட்டுனதும் மறுபடி டார்ச். குமிழ் 12 மணி. சாமி கும்பிட்டுக்கிட்டேன்.

சேம்பருக்கு ஏன் 4 தான்னா, வேலை எல்லாம் நல்லா தான் செய்யுது, பழசுல சுடச்சுட அதிர்ச்சியில செட்டிங் தானா இறங்கிடும், இதுல சக்கரத்த டிக் டிக்னு ஒவ்வொரு பல்லா திருப்பலாம், நின்ன இடத்துல நிக்குது. ஆனா என் எம்4ல கியர்பாக்ஸ் பக்கம் கொஞ்சம் இடிச்சுது, ஓரத்த எமரி பேப்பர்ல தேய்க்க வேண்டி வந்துச்சு. கூட வந்த நப்பும், அதான் ரப்பர மேல இருந்து அமுக்கற சின்னத் துண்டு, கடினம். நம்ம பால்பாயின்ட் ரீஃபில் காலியானத 5 மில்லிமீட்டர் துண்டு வெட்டி அத வெச்சுப் பாத்தேன், வெக்கமா இருக்கு, அது தான் நல்லா இருந்துச்சு.

இப்ப ரிசல்ட். கிரோனோ 338ல இருந்து 343க்குள்ள நிக்குது. 0.20 பிபிய விட்டுட்டு 0.28க்கு மாறிட்டேன், வேகம் 285 கிட்ட இறங்கும், பயப்பட வேண்டாம், எனர்ஜி கிட்டத்தட்ட அதே தான், டர்பன் கடக்காத்துல 0.20 பட்டம் மாதிரி அலையும். ஹாப்ப பூஜ்யத்துல இருந்து ஒவ்வொரு பல்லா ஏத்துங்க, பிபி நேரா போய் கடைசியில லேசா இறங்கணும், நடுவுல மேல எகிறுச்சுன்னா ஒரு பல்லு குறைங்க. முதல் 200 ரவுண்டு ரப்பர் பழகற வரைக்கும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதுக்கப்புறம் 50 மீட்டர்ல 5 லிட்டர் சன்ஃப்ளவர் ஆயில் கேன வெச்சு சுட்டேன், பத்துக்கு எட்டு.

ரப்பருக்கு அரை மார்க் குறைச்சதுக்குக் காரணம் குளிர். ஜூலையில ஜோகன்னஸ்பர்க் மச்சான் வீட்டுக்குப் போனப்ப கொண்டு போனேன், காலையில ரப்பர் விறைச்சுப் போய் முதல் அரை மணி நேரம் தாறுமாறு. அங்க இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். அந்த ஊரு கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டருக்கு மேல, காத்து மெல்லிசு, பந்தத் தூக்கற பலம் கம்மி, அதனால இங்க வெச்சதவிட மூணு பல்லு ஜாஸ்தி வெச்சா தான் நேரா போச்சு. அத மறந்துட்டு என்3 ரோட்டுல இறங்கி வந்து ஞாயித்துக்கிழமை களத்துல சுடறேன், எல்லா பிபியும் மாமர உச்சிக்குப் போகுது. "அண்ணா, காக்கா சுடறியா அண்ணா?"ன்னு எதுத்த டீம்ல இருந்து சத்தம். ஊர் மாறுனா ஹாப்ப மாத்துங்க. துப்பாக்கிய பைக்குள்ளயே வெச்சுக் கொண்டு போங்க, இந்த ஊர்ல ரோபோல (டிராஃபிக் சிக்னலுக்கு இங்க அந்தப் பேரு) சிகப்புக்கு நிக்கும்போது சீட்டுல எம்4 தெரிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சந்தேகத்துக்குப் பழைய பேரலயே இந்தப் புது ரப்பரோட மாட்டி அதே கேன சுட்டுப் பாத்தேன். பத்துக்கு ஏழு. அந்த ஒரு பிபிக்காகவா 1,400? பழைய பேரலே இப்ப உள்ள இருக்கு. 6.03, நீளம் 363 மில்லிமீட்டர், நாலே தடவை எடுத்துட்டுப் போய் சுட்டது, யாருக்காவது வேணும்னா 700 ராண்டுக்குத் தரேன், சாட்ஸ்வொர்த் வந்து எடுத்துக்கணும், வேட்டித்துணி ஃப்ரீ.