சர்வைவர் பாத்த வருஷங்கள்: நீங்க வெளியேத்துன ஆளுதான் உங்கள ஜெயிக்க வைக்கணும்

சர்வைவர் பாக்கலாமா, அதுவும் பிக் பாஸ் மாதிரிதானேன்னு கேக்குறவங்களுக்கு மாமாக் கடைல உக்காந்து தே தாரிக் ஆறிப்போற வரைக்கும் விளக்கி விளக்கி எனக்கு அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிடுறேன். ஸ்கூல் படிக்கிற காலத்துல இருந்து நடுவுல விட்டும் பிடிச்சும் பாத்துட்டு வர்ற ரியாலிட்டி ஷோ இது. பழைய சீசன் முடிவெல்லாம் சொல்லித்தான் பேசப்போறேன், ஸ்பாய்லர் ஆகாதவங்க இங்கயே கழண்டுக்கோங்க.

நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாத விஷயம், அமெரிக்க சர்வைவரோட முதல் சீசன் எடுத்தது நம்ம மலேசியாவோட சபாலதான். கோலா பென்யூல இருந்து போட்ல போனா பூலாவ் தீகா, சேத்து எரிமலை இருக்குற தீவு. 2000-ல அங்க 16 பேர இறக்கி விட்டு 39 நாள் படம் புடிச்சாங்க, சாப்பாடு இல்லாம எலிய சுட்டு தின்னாங்க, பரிசு 10 லட்சம் டாலர். அந்த ஃபைனல அமெரிக்கால மட்டும் 5 கோடி பேருக்கு மேல பாத்தாங்க. இந்த ஐடியாவே ஸ்வீடன்ல 1997-ல வந்ததுதான், ஆனா உலகம் பூரா பேச வச்சது நம்ம தீவுல எடுத்த சீசன். இத சொன்னா எங்க மாமா "அப்ப நமக்கு என்ன கமிஷனா குடுத்தான்"ங்கிறாரு, அவர விடுங்க.

ரூல் சிம்பிள். ரெண்டு மூணு டீமா பிரிப்பாங்க, போட்டில தோத்த டீம் ராத்திரி ட்ரைபல் கவுன்சிலுக்கு போயி தங்கள்ல ஒருத்தர ஓட்டு போட்டு வெளியேத்தணும். பாதில டீம் எல்லாம் ஒண்ணா கலந்துரும், அதுக்கப்புறம் அவங்கவங்க தனித்தனி. கடைசில மிஞ்சுற ரெண்டு மூணு பேர்ல யாருக்கு பணம்னு முடிவு பண்றது நீங்களோ நானோ ஃபோன்ல தட்டுற ஓட்டு இல்ல, கடைசி கட்டத்துல அதே ஆளுங்களால வெளிய போன ஏழு, எட்டு, ஒன்பது பேரு ஜூரியா வந்து உக்காந்து போடுற ஓட்டு. இதுதான் மொத்த ஷோவும். ஒருத்தன ஏமாத்தி வெளிய அனுப்பணும், ஆனா அனுப்பின பிறகும் அவன் "பரவால்ல, ஆட்டத்த ஆடத்தெரிஞ்ச ஆளுதான்"னு உங்களுக்கு ஓட்டு போடணும்.

முதல் சீசன்லயே ரிச்சர்ட் ஹேட்ச் இத புரிஞ்சிக்கிட்டாரு, மத்தவங்க ஏதோ பிக்னிக் மாதிரி இருந்தப்ப நாலு பேர சேத்து அலையன்ஸ் போட்டு ஒவ்வொருத்தரா தூக்கினாரு. எனக்கு இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கிறது அந்த கடைசி போட்டிதான். ரிச்சர்ட், கெல்லி, அப்புறம் 72 வயசு முன்னாள் கடற்படை வீரர் ரூடி, மூணு பேரும் ஒரு கம்பத்துல கைய வச்சிட்டு நிக்கணும், யாரு கடைசி வரைக்கும் கைய எடுக்கலையோ அவங்கதான் கூட ஃபைனலுக்கு யாரு வரணும்னு முடிவு பண்ணுவாங்க. ரிச்சர்ட் தானாவே கைய எடுத்துட்டு போய்ட்டாரு! ஏன்னா அவரு ஜெயிச்சா ரூடிய கூட்டிட்டு போயி ரூடிகிட்டயே தோக்கணும், இல்ல ரூடிய கழட்டி விட்டு அவரோட ஓட்ட இழக்கணும். தான் தோத்தா, ரூடி ஜெயிச்சாலும் குடுத்த வாக்குக்காக இவரத்தான் கூட்டிட்டு போவாரு, கெல்லி ஜெயிச்சாலும் ரூடிக்கு பயந்து இவரத்தான் கூட்டிட்டு போவா. ரூடி கை தவறிச்சு, கெல்லி ஜெயிச்சா, ரூடிய அனுப்பினா, ஜூரி ஓட்டு 4-3, பணம் ரிச்சர்டுக்கு. ரூடியும் அவருக்குத்தான் போட்டாரு. (அந்த பணத்துக்கு வரி கட்டாம பின்னாடி ஜெயிலுக்கே போனாரு மனுஷன், அவ்ளோ கணக்கு தெரிஞ்சவருக்கு அந்த கணக்கு மட்டும் வரல போல.)

எங்க வீட்டுல பெரிய சண்டை ரசல் ஹான்ட்ஸ் பத்திதான். 2009 சமோவா சீசன், க்ளூ கூட இல்லாம ஒளிச்சு வச்ச ஐடல (அத காட்டினா நமக்கு விழுந்த ஓட்டு செல்லாது) தேடி எடுத்தான், தன் டீம் ஆளுங்களோட தண்ணிய ராத்திரில கொட்டி விட்டான், எண்ணிக்கைல பின்தங்கி இருந்தும் எதிர் டீம உடச்சான். கடைசில நடாலி வைட்கிட்ட 7-2ன்னு தோத்தான். என் தம்பி இன்னைக்கும் அது அநியாயம், ஜூரிக்கு பொறாமைன்னு சொல்லுவான், இன்ஜினியர் இல்லையா, எவன் அதிக வேலை பாத்தானோ அவனுக்குத்தான் மார்க்குன்னு நெனப்பு. நான் ஒத்துக்கவே மாட்டேன். வெளிய போற ஆள முகத்துக்கு நேரா கேவலப்படுத்திட்டு அவன்கிட்டயே போயி ஓட்டு கேட்டா எவன் போடுவான்? அது ஆட்டத்துக்கு வெளிய நடந்த அநியாயம் இல்ல, அதுதான் ஆட்டமே. அடுத்த சீசன் ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ்லயும் அதே பய ஃபைனலுக்கு வந்தான், இந்த தடவ ஒரு ஓட்டு கூட விழல, சாண்ட்ராவுக்கு 6, பார்வதிக்கு 3, இவனுக்கு பூஜ்யம். தம்பி அன்னைக்கு சாப்பிடாம எழுந்து போனான்.

அம்மாவுக்கு சாண்ட்ரான்னா உயிர். அம்மாவுக்கு இங்கிலீஷ் வேகமா பேசினா புரியாது, சப்டைட்டிலயும் படிக்க மாட்டாங்க, மூஞ்சிய மட்டும் பாத்தே "இன்னைக்கு இவ போயிருவா, அந்த பொண்ணு கண்ண பாக்கவே மாட்டேங்குது பாரு"ன்னு சொல்லுவாங்க, நிறைய தடவ அப்படியே நடக்கும். சாண்ட்ரா போட்டில எல்லாம் சுமார்தான், ஓடவும் மாட்டாங்க, ஆனா என்ன தவிர யாரு வேணா போகட்டும்னு இருந்தே 2003-லயும் 2010-லயும் ரெண்டு தடவ ஜெயிச்சாங்க. ரெண்டு தடவ ஜெயிச்ச முதல் ஆளே அவங்கதான். கூட்டுக் குடும்பத்துல வாழ்ந்த யாருக்கும் இந்த டெக்னிக் புதுசு இல்லன்னு அம்மா சொல்றாங்க, அப்பாவோட அக்கா தங்கச்சிங்க இத படிக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

சரி, பிக் பாஸ். நானும் பாப்பேன், இல்லன்னு சொல்லல. 2019-ல மூணாவது சீசன நம்ம முகேன் ஜெயிச்சப்ப எங்க ஃபிளாட்ல கத்தின கத்துல மேல் மாடி ஆளு இறங்கி வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாரு, மலேசிய பையன் சென்னைக்கு போயி ஜெயிக்கிறதுன்னா சும்மாவா. ஆனா அந்த சந்தோஷம் வேற, இந்த ரசனை வேற. அங்க முடிவு பண்றது வெளிய இருக்குற ஜனங்க, அதனால உள்ள இருக்குற ஆளு பக்கத்து பெட் ஆள பாத்து ஆடுறதில்ல, கேமராவ பாத்து ஆடுறான். கொஞ்சம் பிளான் பண்ணி யாரையாச்சும் நாமினேட் பண்ணினா உடனே "குரூப்பிசம்"னு வார கடைசில விசாரணை வேற. சர்வைவர்ல குரூப் சேக்காதவன்தான் முதல்ல வீட்டுக்கு போவான்.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வந்துச்சு, தமிழ் சர்வைவர், 2021-ல ஜீ தமிழ்ல. அர்ஜுன்தான் ஹோஸ்ட், சான்சிபார்ல எடுத்தாங்க, காடர்கள் வேடர்கள்னு ரெண்டு டீம், பரிசு ஒரு கோடி ரூபாய், விஜயலட்சுமி ஜெயிச்சாங்க. சிங்கப்பூர் ராப் பாடகி லேடி காஷ் இருந்ததால இங்கயும் கொஞ்சம் பேச்சு இருந்துச்சு. எடுத்த விதம் நல்லாத்தான் இருந்துச்சு, அர்ஜுனும் கம்பீரமா இருந்தாரு. எனக்கு இடிச்சது என்னன்னா வந்தவங்க பெரும்பாலும் சினிமா டிவி ஆளுங்க, திரும்ப அதே ஃபீல்டுக்கு போயி அதே ஆளுங்க மூஞ்சில முழிக்கணும், அப்ப யாரு துணிஞ்சு துரோகம் பண்ணுவா? "உன் நல்லதுக்குத்தான் ஓட்டு போட்டேன்"னு அழுதுட்டே சொன்னா எனக்கு போர் அடிக்குது. எங்கயோ ஒரு ஊர்ல வாத்தியார், லோரி டிரைவர், நர்ஸ்னு முகம் தெரியாத ஆளுங்கள போட்டு ஒரு தமிழ் சீசன் எடுத்தா நான் லீவ் போட்டு பாப்பேன்.

இப்ப குறை. அமெரிக்க சர்வைவர் 41-வது சீசன்ல இருந்து 39 நாள 26 நாளா குறைச்சிட்டாங்க, லொகேஷனும் ரொம்ப காலமா ஃபிஜிய விட்டு நகரவே இல்ல. நாள் குறைஞ்சத கூட மன்னிச்சிடலாம், இந்த ஐடல், அட்வான்டேஜ், ஓட்ட இழக்கிறது, பகடைய உருட்டி தப்பிக்கிறது, இதெல்லாம் சேந்து பிரியாணில கறிய விட ஏலக்காய் ஜாஸ்தியான கதையா ஆச்சு. ஐடலே முதல்ல கிடையாது, 2005-ல குவாத்தமாலா சீசன்லதான் வந்துச்சு, அளவா இருந்தப்ப நல்லாவும் இருந்துச்சு. இப்ப யாரு போறாங்கன்னு அம்மாவால மூஞ்சிய பாத்து சொல்ல முடியல, ஏன்னா போறவங்களுக்கே காரணம் தெரியல. 2019-ல எட்ஜ் ஆஃப் எக்ஸ்டிங்க்‌ஷன்னு ஒரு சீசன், வெளிய போனவங்க ஒரு தனி தீவுல தங்கி, போட்டில ஜெயிச்சா திரும்ப உள்ள வரலாம். மூணாவதா வெளிய போன கிறிஸ் அண்டர்வுட் ரொம்ப நாள் அந்த தீவுல ஜூரி ஆளுங்க கூடவே தங்கிட்டு கடைசில உள்ள வந்து ஜெயிச்சிட்டான். திறமைசாலிதான், ஆனா மத்தவங்க ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டு இருந்த நேரத்துல இவன் அவங்க கூட உக்காந்து தேங்கா தின்னுட்டு இருந்தான், அவன் மேல யாருக்கு கோவம் வரும்? நான் மேல சொன்ன அந்த ஒரு கஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லவே இல்ல. அந்த சீசனோட நான் கொஞ்ச நாள் விட்டுட்டேன்.

நம்ம ஊர்ல இருந்து பாக்குறதுல இன்னொரு தொல்லை, அங்க புதன் ராத்திரி போடுறது நமக்கு வியாழன் காலைல. எல்ஆர்டில ஏறி ஃபோன திறந்தா யாரு போனாங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி வந்து நிக்கும். வியாழக்கிழமை சாயந்திரம் வரைக்கும் சோஷியல் மீடியா பக்கமே போகாம இருங்க, வேற வழி தெரியல.

புதுசா ஆரம்பிக்கிறவங்க 2014 ககாயன் சீசன்ல ஆரம்பிங்க. போலீஸ்கார டோனி பொய் மேல பொய் சொல்லி கடைசி வரைக்கும் வருவான், கடைசி போட்டில ஜெயிச்ச வூ நெனச்சிருந்தா யாருக்கும் பிடிக்காத காஸ்ங்கிற போட்டியாளர கூட்டிட்டு போயி ஈசியா ஜெயிச்சிருக்கலாம், ஆனா விசுவாசம்னு டோனிய கூட்டிட்டு போயி 8-1ன்னு தோத்தான். ரிச்சர்ட் கைய எடுத்தத பாத்துட்டு இத பாத்தீங்கன்னா வயிறு எரியும். பிறகு சமோவா, அது முடிச்ச கையோட ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ், இந்த வரிசைய மாத்தாதீங்க. ரெண்டையும் அடுத்தடுத்து எடுத்ததால ரெண்டாவதுல இருந்தவங்க யாரும் ரசல் எப்படிப்பட்ட ஆளுன்னு டிவில பாத்திருக்கல, நீங்க மட்டும் பாத்திருப்பீங்க, அந்த டென்ஷன் வேற லெவல். ஆஸ்திரேலிய வெர்ஷன் ரொம்ப நீளம், ஆனா 2021 பிரெய்ன்ஸ் வெர்சஸ் பிரான் ஜார்ஜுக்காக பாக்கலாம், ஜெயிச்சது ஹேலி.

41க்கு அப்புறம் வந்ததுல ஒண்ணு மட்டும் பாக்க நேரம் இருக்குன்னா 42. மேரியன் சீசன் பூரா சத்தமா சிரிச்சிட்டு சின்ன பொண்ணு மாதிரி இருந்துட்டு, கடைசி ஜூரி முன்னாடி யாருக்கும் தெரியாம வச்சிருந்த ஐடல எடுத்து காட்டுவா. அந்த நேரத்துல ஜூரி மூஞ்சிய பாருங்க. எங்கம்மா ரிமோட்ட கீழ வச்சிட்டு கை தட்டினாங்க, ஓட்டு 7-1-0.