யமுனைக் கரைப் பூங்காவில் ஆறு வருடம்: எல்லாம் இருக்கிறது, ஆற்றைத்தான் காணவில்லை

திருச்சியிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "உங்க வீட்டுக்கிட்ட யமுனைக் கரையில ஒரு பார்க் இருக்காமே, அம்மா நடக்க வசதிப்படுமா? அதை ஒட்டின வீட்டுக்கு மாசம் மூவாயிரம் கூடுதலா கேக்கறாங்க, குடுக்கலாமா?" என்றார். வேறு சமயமாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். ஆனால் அதே வாரம்தான் பூங்காவின் ஆற்றுப் பக்கக் கதவை மாற்றி முடித்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மயூர் விஹார் பக்கம். பூங்காவின் பெயர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆறு வருடமாக வாரத்தில் ஐந்து நாளாவது போகிறேன். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, முடிந்த நாளெல்லாம் கூட வருவார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பாதை மண் பாதை. காலனிக்குள் இருக்கும் பூங்காக்களில் கல் பதித்த பாதையில் நடந்து நடந்து அம்மாவுக்கு முழங்கால் வீங்கும். இங்கே வந்த பிறகு அந்த வலி பாதியாகிவிட்டது. யமுனையின் வெள்ளச் சமவெளியில் கட்டுமானம் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. அதனால்தானோ என்னவோ, கேன்டீன், மண்டபம் என்று எதுவும் முளைக்கவில்லை. கழிப்பறைகூட நகர்த்தி வைக்கிற கேபின்தான், எட்டு மணிக்கு மேல் அதில் தண்ணீர் இருக்காது. பெரியவர்களைக் கூட்டி வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆள்காட்டிக் குருவி. முதல் நாள் அதன் குரலைக் கேட்டதும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். குளித்தலையில் வயல் வரப்பில் கால் வைத்தாலே கத்துமே, அதே குரல். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, வாயில் நுழையாத மொழிக்கு நடுவில் இருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரட்டாசியில் நாணல் பூக்கும்போது கரை முழுக்க வெள்ளையாக அசையும். அந்த மூன்று வாரத்துக்காகவே இங்கே குடியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதில் மாற்றமில்லை.

இனி கதவுக்கு வருகிறேன்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு. அதைத் தாண்டி ஒரு மண் மேடு, நாணல் புதர், அப்புறம் ஆறு. எண்ணிப் பார்த்தால் இருநூறு அடி எடுத்து வைக்கிற தூரம். நான் பார்த்த நாளிலிருந்து அது பூட்டித்தான் இருந்தது. ஆற்றங்கரைப் பூங்கா என்று பெயர், ஆனால் ஆற்றுப் பக்கம் போக முடியாது. சித்திரை வெயிலில் வாடை மட்டும் வரும். டெல்லிக்குள் வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டரில் நகரத்துச் சாக்கடை பெரும்பாலும் இதில்தான் விழுகிறது, வாடை வராமல் என்ன செய்யும்? ஆனால் அது கம்பிக் கதவு. கம்பிகளுக்கு நடுவே, மேட்டின் தாழ்ந்த பக்கத்தில், ஒரு முழ அகலத்துக்கு நீர் தெரியும். அம்மா தினமும் அந்த இடத்துக்குப் போய் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அவர் பிடிக்கிற உயரத்தில் பச்சைப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று இருக்கும்.

2022 ஆடிப் பதினெட்டு அன்று எலுமிச்சம் சாதம், காப்பரிசி, மஞ்சள் நூல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். "பையா, தோ மினட்" (அண்ணா, ரெண்டே நிமிஷம்) என்று அம்மா காவலரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். "மாதாஜி, ஆர்டர் இல்லை" என்றார் அவர், பாவம், அவரும் சம்பளத்துக்கு நிற்பவர். அம்மா செம்புத் தண்ணீரைக் கதவோரம் நின்ற நாவல் மரத்தடியில் ஊற்றிவிட்டுப் பேசாமல் திரும்பினார்.

அடுத்த வருடம் ஆறே உள்ளே வந்தது. 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 208.66 மீட்டர். 1978இல் வந்த 207.49தான் அதுவரை அதிகம். பூங்கா முழுக்க மூழ்கியது. தண்ணீர் வடிந்து உள்ளே விட்டபோது பெஞ்சுகள் வண்டலில் பாதி புதைந்திருந்தன, வேப்பமரத்தில் என் தோளுயரத்துக்குச் சேற்றுக் கோடு. அம்மா வண்டலை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "காவிரி வண்டல் மாதிரியே இருக்குடா" என்றார். துளசித் தொட்டிக்கு ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தோம்.

அந்தக் கதவும் வளைந்து சாய்ந்து கிடந்தது. பல மாதம் யாரும் அதைத் தொடவில்லை. இந்த ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல காலம் அந்தக் குளிர்காலம்தான். மதியம் மூன்று மணி வெயிலில் அம்மாவைக் கைப்பிடித்து மேடு ஏற்றி, ஆற்றைப் பார்த்தபடி உட்கார வைப்பேன். வெள்ளைக் கடற்காகங்கள் தண்ணீரை ஒட்டிப் பறக்கும். தூரத்தில் பாலத்தில் மெட்ரோ போகும். அம்மா ஒன்றும் பேசமாட்டார், கிளம்பலாமா என்றால் இன்னும் கொஞ்சம் என்பார்.

அப்புறம் சங்கிலி வந்தது. போன வாரம் புதுக் கதவே வந்துவிட்டது. கம்பி இல்லை, முழுக்கத் தகடு அடித்த கதவு. நல்ல பெயின்ட், பெரிய பூட்டு. அந்த ஒரு முழ நீரும் போயிற்று.

பூட்டுவதற்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். கரை செங்குத்தாக இருக்கிறது, சேறு ஆழம், குழந்தைகள் ஓடுகிற இடம். பூட்டட்டும். தகடு எதற்கு? பார்க்கிறதில் என்ன ஆபத்து? மேட்டின் மேல் கைப்பிடி வைத்த ஒரு மூங்கில் மேடை போடுங்கள் என்று மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன், பதில் இல்லை. இதே ஊரில் காஷ்மீரி கேட் பக்கம் வாசுதேவ் படித்துறையை 2024இல் திறந்தார்கள். படியில் உட்கார்ந்து யமுனையைப் பார்க்கலாம், ஆரத்தியும் உண்டு. விகாஸ் மார்க் ஓரத்தில் அசிதா ஈஸ்ட் என்ற பூங்கா இருக்கிறது, நீர்நிலையும் புல்வெளியுமாக. அசிதா என்றால் கருத்தவள், யமுனையின் பழைய பெயர். செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

நண்பருக்குச் சொல்வது இதுதான். பாதை நன்றாக இருக்கிறது, பறவை இருக்கிறது, நிழல் இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் அந்த மூவாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மெட்ரோ பக்கத்து வீட்டையே பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் காலையில் வேண்டாம், புகை தரையோடு நிற்கும், மூன்று மணிக்கு மேல் வாருங்கள். காவிரிக் கரையில் வளர்ந்த அம்மாவிடம் ஆற்றங்கரைப் பூங்கா என்று மட்டும் சொல்லிக் கூட்டி வராதீர்கள். என் அம்மா நேற்று அந்தத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுவிட்டு, "வா, போலாம்" என்று பாதி நடையிலேயே திரும்பிவிட்டார்.